ஆவிப்பெட்டிச் சண்டை

ரமீஜாவை வேலைக்கு வைத்துக்கொண்ட யாரும் அவள் வேலையைக் குறை சொன்னதில்லை. அவள் வாயைத்தான் சொன்னார்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவதிலும், முதுகில் புண் வராமல் துடைத்துப் பவுடர் போடுவதிலும், கஞ்சியைச் சூடு பார்த்து ஊட்டுவதிலும் அவளுக்கு ஈடு கிடையாது. ஆனால் வீட்டுக்காரர்கள் ஒரு சொல் கூடச் சொன்னால் இவள் ரெண்டு சொல் திருப்பிக் கொடுப்பாள். அதனால் எந்த வீட்டிலும் ரொம்ப நாள் நிலைத்ததில்லை.

காஜியார் தெருவில் பிறந்தவள். கடலூரில் ஒரு அரிசி மண்டிக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவனுக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். ஒரு நாள் அவன் கை ஓங்கினபோது அவள் தோசைத் திருப்பியை நெருப்பிலிருந்து எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அடிக்கவில்லை, சும்மா பிடித்தாள். அவன் பின்பக்கமாகவே அடி வைத்து வாசலுக்குப் போய்விட்டான். அதோடு ஜமாத்தில் பேசி முடித்துக்கொண்டு புதுச்சேரிக்கே வந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. அம்மா விட்டுப்போன ஒற்றை அறையில் குடியிருந்தாள். தம்பி அஸாருதீன் உழவர்கரையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். மிக்சி, அயர்ன் பாக்ஸ், தண்ணி மோட்டார் எது வந்தாலும் பிரித்துப் போட்டு உட்காருவான்.

வீட்டு நோயாளிகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சி அவளைத் தணிகாசலத்தின் வீட்டுக்கு அனுப்பியது. குருசுக்குப்பத்துக்குப் போகிற வழியில், கடல் காற்று நேராக வந்து மோதுகிற ஒரு மாடி வீடு. ஜன்னல் கம்பியெல்லாம் உப்பு தின்று சொரசொரவென்று இருக்கும். தணிகாசலம் பழைய சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கலைமகள் பாரீசுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவருக்குக் கால் ரெண்டும் தளர்ந்துபோய்ச் சுவரைப் பிடித்துத்தான் நடக்க முடியும். நெஞ்சில் எப்போதும் சளி கட்டி, பேச ஆரம்பித்தால் இருமலில் போய் முடியும்.

முதல் நாளே மோதிக்கொண்டார்கள்.

"உம் பேரு என்னா?" என்றார்.

"ரமீஜா."

"வந்தவ போனவ பேரெல்லாம் என்னால ஞாபகம் வெச்சிக்க முடியாது. இங்க வர்றவ எல்லாம் போன்தான். போன்னா பிரெஞ்சுல வேலைக்காரி. என்னை நீ மிசியேன்னு கூப்புடணும், ஐயான்னு அர்த்தம்."

"நீங்க ரமீஜான்னு கூப்புடுங்க. நான் மிசியேன்னு கூப்புடறேன்."

அவர் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் ரெண்டு பேரும் பேர் சொல்லாமலேதான் பேசிக்கொண்டார்கள். பேச்சு என்பது பெரும்பாலும் திட்டுதான்.

தணிகாசலம் வாலிபத்திலிருந்து சிகரெட் பிடித்தவர். டாக்டர் அடியோடு விடச் சொன்னதும் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். அதைப் பார்த்துத்தான் கலைமகள் பிரான்சிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினாள். காப்பிக் கொட்டை நிறத்தில், ஏதோ சீமை மரத்தில் குடைந்து செய்த பெட்டி, ரெண்டு கையிலும் அடங்குகிற அளவு. பின்னால் ஒயர். மேலே ஒரு துவாரம். அதில் செருக ஒரு கண்ணாடிக் குழாய், குழாயின் அடியில் மெல்லிய கம்பிச் சல்லடை. சல்லடையில் காய்ந்த மூலிகை இலையைக் கிள்ளிப் போட்டு, பெட்டியைச் சூடாக்கி, பச்சை விளக்கு எரிந்ததும் குழாயில் வாய் வைத்து இழுக்க வேண்டும். இலை எரியாது. வாசம் மட்டும் வெதுவெதுப்பான ஆவியாக வரும். ஊர்ப் பேச்சில் அதற்கு ஒரு பேர் கிடையாது. ரமீஜா ஆவிப்பெட்டி என்றாள், அதுவே நிலைத்தது. டாக்டரைக் கேட்டதற்கு, அவர் அதை நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. சிகரெட்டுக்கு இது மேல் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கிழவருக்கு அந்தப் பெட்டி உயிர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு இழுப்பார். அந்த நேரம் மட்டும்தான் வீடு அமைதியாக இருக்கும்.

முதல் தப்பு ரமீஜாவுடையது. வேலைக்கு வந்த புதிதில் பெட்டியில் இலைத் தூளும் கைப் பிசுக்கும் படிந்திருப்பதைப் பார்த்தாள். அவளுக்கு அழுக்கு ஆகாது. பாத்திரம் விளக்குகிற சோப்பைப் போட்டு, பெட்டியைக் குழாயடியில் பிடித்துக் கழுவிவிட்டாள். மரம் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொண்டது. கண்ணாடிக் குழாய் துவாரத்தில் இறங்க மறுத்தது. பயந்துபோய் மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். ஊதின மரம் வெயிலில் படக்கென்று சுருங்கி, பக்கவாட்டில் தலைமுடி போல ஒரு விரிசல் விழுந்தது. அவள் காப்பித்தூளைக் கெட்டியாகக் குழைத்து விரிசலில் அப்பி, காயவைத்து, துணியால் தேய்த்துக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பார்த்தால் தெரியவில்லை.

ஆனால் கிழவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். மறுநாளே கேட்டார்.

"இத நீ கீழ போட்டியா?"

"நான் ஏன் போடறேன்? கடல் காத்துக்கு வெடிச்சிருக்கும்."

அவர் விரிசலின் மேல் விரலை ஓட்டினார். அன்றிலிருந்து பெட்டியை அவள் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். சல்லடையைத் தட்டிக் கொடுப்பதும் கண்ணாடிக் குழாயைக் கழுவுவதும்தான் அவள் வேலை, பெட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மத்தியானம் சாப்பிட்டதும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அவள் சாப்பிட்டு, லுஹர் தொழுதுவிட்டு வருகிற வரைக்கும் கதவு திறக்காது. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். தூங்குகிறவரை எழுப்பித் திட்டு வாங்க அவளுக்கு ஆசை இல்லை.

கொஞ்ச நாளில் பெட்டியிலிருந்து கெட்ட வாடை வர ஆரம்பித்தது. வாசம் வர வேண்டிய இடத்தில் ஒரு கரிப்பு நெடி. பச்சை விளக்கு எரிந்ததும் குழாயில் நீலமாகப் புகை. கிழவர் ஒரு இழுப்பு இழுப்பார், உடனே கண்ணில் தண்ணீர் வருமளவு இருமுவார்.

"இலையில என்னாத்தக் கலந்த?" என்றார்.

"ஒங்க பொண்ணு அனுப்புன இலைதான். பாக்கெட்டோட அப்படியே இருக்குது, பாருங்க."

"மொளகாப்பொடி வாடை அடிக்குது. என்னைக் கொல்லப் பாக்குற."

"கொல்லணும்னா கஞ்சியிலேயே கலந்திருப்பேன். ஒங்க பெட்டியத் தேடிகிட்டு வருவனா?"

அவர் அவளைப் பார்த்த பார்வையில், அதையும் நம்பிவிட்டது தெரிந்தது. அன்று ராத்திரிக் கஞ்சியை அவர் தொடவில்லை.

பழி தன் தலையில் விழும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அதனால் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பிரான்சு இலையை நிறுத்திவிட்டு, மாடியில் துளசியும் கற்பூரவல்லியும் காயவைத்துப் போட்டாள். கடல் காற்றில் அவை நொறுங்காமல் பதமாகவே இருந்தன. சல்லடையில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றே போகாமல் அடைத்தன. வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து எடுத்துப் போட்டாள். பொடி ரொம்ப நைசாகிவிட்டது. அது சல்லடை வழியே அவர் வாய்க்குப் போக, அவர் அதை அவள் மேலேயே துப்பினார். கண்ணாடிக் குழாயை வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் உள்ளே விட்டுத் தேய்த்தாள். குழாய் பளிங்கு மாதிரி ஆனது. நெடி போகவில்லை. ஆக, கோளாறு குழாயிலும் இல்லை, இலையிலும் இல்லை. பெட்டிக்குள்ளே இருந்தது. பெட்டியை அவர் தொடவிடவில்லை.

"ஒரு தடவை எங்க தம்பிகிட்ட காட்டிட்டு வரேன்" என்று கேட்டும் பார்த்தாள்.

"உங்க தம்பி அதப் பிரிச்சி வித்துருவான். காஜியார் தெருவுல எல்லாத்தையும் பிரிச்சி விக்கிறதுதான தொழில்."

அவளுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. "எங்க தெருவுல பிரிச்சி விக்கிறாங்களோ இல்லையோ, ஒழைச்சி சாப்புடறாங்க" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போனாள். அங்கே போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் அசந்து நிஜமாகவே தூங்கிப்போனார். கதவு சாத்தவில்லை. பெட்டி மேசை மேலே இருந்தது. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். கேட்டால் தரமாட்டார். கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், தம்பியிடம் காட்டி, அவர் எழுவதற்குள் திரும்பிவிட்டால் கோளாறும் தீரும், பழியும் தீரும். துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு உழவர்கரைக்குப் பஸ் ஏறினாள்.

அஸாருதீன் அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றி, கீழ்ப் பலகையை எடுத்தான். எடுத்ததும் மூக்கைச் சுளித்தான்.

"யாருக்கா இதுக்கு எண்ண வுட்டது?"

"எண்ணையா?"

"தையல் மிஷினுக்கு வுடற எண்ண. கப்புனு வாடை அடிக்குது பாரு. காத்து போற வழி பூரா ஊறிப்போய்க் கெடக்குது. அது சொட்டி காயில் மேல விழுந்து, சூடு ஏறுனதும் கருகுது. இந்தப் புகையத்தான் அவரு இழுக்கறாரு."

"காயில் போயிடுச்சா?"

"காயில்லாம் நல்லா இருக்குது. துடைச்சாப் போதும்."

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்தான். பஞ்சு தார் மாதிரி கறுத்து வந்தது. துடைத்து, காற்றாட வைத்து, மறுபடி துடைத்து, வெறும் பெட்டியைக் கொஞ்ச நேரம் சூடேற்றி அணைத்தான். நெடி போய் மர வாசம் மட்டும் மிஞ்சியது. "மரத்துக்கு வெளிய வேணும்னா எப்பயாச்சும் லேசா மெழுகு தடவலாம். உள்ள ஒண்ணும் போவக்கூடாது, தண்ணியும் கூடாது. சொல்லிடு அவருகிட்ட" என்றான். தண்ணியும் கூடாது என்றபோது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வர நேரமாகிவிட்டது. வழியில் ஏதோ கட்சி ஊர்வலம், பஸ் நகரவில்லை. தெரு முனையில் இறங்கும்போதே கிழவரின் குரல் கேட்டது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "வொலேஸ், வொலேஸ்" என்றார். பிரெஞ்சு தெரியாதவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: "திருடி. என் பெட்டியத் தூக்கிகினு ஓடிட்டா." மீன் கூடையோடு போன பொம்பளைகள் நின்று பார்த்தார்கள். எதிர் வீட்டு மாடியில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரமீஜா தோளில் பையோடு நடந்து வந்தாள். பையில் பெட்டி இருந்தது.

மேலே போனதும் கலைமகள் செல்போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள். கிழவர் ஏற்கெனவே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"பெட்டிய எதுக்கு வெளிய எடுத்துட்டுப் போனீங்க?" என்று கலைமகள் கேட்டாள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அந்த மரியாதை அடியைவிட மோசமாக இருந்தது.

ரமீஜா நடந்ததைச் சொன்னாள். நெடி அடித்தது, தம்பி பிரித்துப் பார்த்தது, உள்ளே மிஷின் எண்ணெய் இருந்தது எல்லாம். "நான் வுடல. இவருதான் மத்தியானத்துல கதவச் சாத்திகிட்டு என்னமோ செய்யறாரு."

"பப்பா, நீங்க எண்ண போட்டீங்களா?"

"நான் எண்ணையே தொடல" என்றார் தணிகாசலம். ஒரு இமைகூட ஆடவில்லை. பிறகு மெதுவாகக் கைக்குட்டையை எடுத்து, நாக்கில் தொட்டு ஈரமாக்கி, பெட்டியின் விரிசல் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். வெள்ளைத் துணியில் பழுப்புக் கறை வந்தது. அதைச் செல்போனுக்கு நேராகப் பிடித்தார்.

"இது என்னான்னு கேளு அவள. விரிசலு வுட்டது யாருன்னு கேட்டதுக்குக் கடல் காத்துன்னா. கடல் காத்து காப்பித்தூளு தடவுமா?"

விரிசலில் இருப்பது காப்பித்தூள் என்று அவர் கேட்ட அன்றைக்கே கண்டுபிடித்திருந்தார். அதை மட்டும் இத்தனை நாள் சொல்லாமல், சமயத்துக்காக வைத்திருந்தார்.

"அது நீங்க செஞ்சதா?" என்றாள் கலைமகள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிர் மாடியில் ஆட்கள் நின்றார்கள், கிழவர் கைக்குட்டையை வெற்றிக்கொடி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு பொய்யில் அவள் சொன்ன உண்மையெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. கறுத்த பஞ்சைக் காட்டலாம் என்றால் அது உழவர்கரைக் கடையில் குப்பைக்குப் போயிருக்கும். கூடப்பிறந்த தம்பியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். கலைமகள் ஏஜென்சிக்குப் போன் போட்டாள். விளக்கு வைப்பதற்குள் ரமீஜா தன் துணிமணிகளோடு படியிறங்கினாள். கிழவர் பால்கனியிலிருந்து அவள் பையை ஒருமுறை பிரித்துக் காட்டச் சொன்னார். அவள் நடுத்தெருவில் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கொட்டினாள். சீப்பு, தொழுகைத் துணி, ரெண்டு சல்வார். பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள். தெருவில் யாரும் வந்து கை கொடுக்கவில்லை.

"அஞ்சாறு நாளைக்கு நல்லா வேலை செய்யும். அதுக்கப்பறம் பாரு" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அது சாபம் மாதிரிதான் இருந்தது.

ஏஜென்சிக்காரர்கள் அவளை வேறு எங்கும் அனுப்பவில்லை. திருடி என்று பேர் வந்துவிட்டால் நோயாளி இருக்கிற வீட்டுக்குள் விடுவார்களா? தெருவில் நிக்காஹ் வீடுகளுக்குப் பிரியாணி அரிசி களைந்து கொடுத்தாள், வெங்காயம் உரித்தாள். வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் கிழவரை நினைத்துக்கொண்டாள். அவர் இருமிச் சாக வேண்டும் என்று வெளிப்படையாக நினைக்கவில்லை, அல்லாஹ்வுக்குப் பயந்தவள். ஆனால் இருமலாவது நிற்காமல் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அவர் வீட்டுக்கு அடுத்ததாக வந்தவள் அன்னக்கிளி. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். புருஷன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போகிறான், இவள் டவுனுக்கு வந்து ஆள் பார்க்கிற வேலை செய்கிறாள். ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் கீரைக்காரியிடம் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் புதினாக் கட்டுக்குக் கை நீட்டினார்கள். பேச்சுக் கொடுத்ததில் எந்த வீடு என்று தெரிந்தது.

"அந்த வீட்டுல மின்ன இருந்த அக்கா நீங்கதானா? அந்த ஆவிப்பெட்டிய என்னாதான் பண்றது சொல்லுங்க. வந்த புதுசுல நல்லாத்தான் இருந்துச்சி. திருடி போயிட்டா, பெட்டி சரியாயிடுச்சின்னு சொல்லிக்கினு இருந்தாரு. இப்பப் பொகை கக்குது. நான் மண்ணெண்ண ஊத்திட்டேன்றாரு."

ரமீஜாவுக்கு உள்ளே இனித்தது. "நல்லா அனுபவிக்கட்டும்" என்றாள். புதினாவை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எண்ணெய் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கிழவருக்கு நல்லதாகிவிடும்.

கொஞ்ச நாள் போனது. அன்னக்கிளி விசாரித்துக்கொண்டு காஜியார் தெருவுக்கே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. பெட்டி கெட்டுக் கெட்டு அவர் இருமுகிறாரே என்று, அதை ஒருநாள் அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறாள். கிழவர் பால்கனிக்குப் போய்விட்டார். மறுபடியும் அதே கூப்பாடு, அதே தெரு, அதே வேடிக்கை. ஏஜென்சியிலிருந்து நாளைக்குப் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்னையும் திருடின்றாருக்கா. எங்க ஊருல தெரிஞ்சா என் வீட்டுக்காரரு வேலைக்கே அனுப்ப மாட்டாரு."

ரமீஜா அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அன்னக்கிளி மேல் பெரிய இரக்கம் எதுவும் வந்துவிடவில்லை. தன்னை விரட்டின சொல் ஆறிப்போகாமல் இன்னொருத்தி மேலும் விழுகிறதே, அதைத் தாங்க முடியவில்லை.

"மத்தியானத்துல கதவச் சாத்திக்கிறாரா?"

"ஆமாக்கா. டெய்லி."

"ரூம் சாவி ஒன்னு உங்கிட்ட இருக்குதுல்ல. வா."

மத்தியானம் படியேறினார்கள். ரமீஜாவே சாவியை வாங்கி அவர் அறைக் கதவைத் திறந்தாள்.

தணிகாசலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய கம்பளித் துணி விரித்திருந்தது. அதன் மேல் ஆவிப்பெட்டி. பக்கத்தில் மிஷின் எண்ணெய் டப்பா, நுனியில் துணி சுற்றின ஒரு நீளக் கம்பி. அவர் கம்பியைப் பெட்டியின் துவாரத்துக்குள் விட்டு, மெதுவாகச் சுழற்றி, இழுத்து, துணியைப் பார்த்து, மறுபடி எண்ணெய் தொட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். ரமீஜா அவர் முகத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. திட்டு இல்லை, சந்தேகம் இல்லை. துப்பாக்கியைத் துடைக்கிற ஒரு சிப்பாயின் முகம். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கைக்கு வேலை மறக்கவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கை கம்பியிலேயே நின்றுவிட்டது.

"உன்னை யாரு உள்ள வுட்டது?"

ரமீஜா அன்னக்கிளியின் செல்போனை வாங்கிக் கலைமகளைக் கூப்பிட்டாள். முகம் வந்ததும், தன் முகத்தைக் காட்டாமல் போனைத் திருப்பிக் கட்டிலுக்கு நேராகப் பிடித்தாள். எண்ணெய் டப்பாவையும் கம்பியையும் கிட்டத்தில் காட்டினாள். பிறகு கம்பி நுனியில் இருந்த கறுத்த துணியைக் காட்டினாள்.

"இதத்தான் அன்னிக்கி சொன்னேன்" என்றாள்.

கலைமகள் பிரெஞ்சில் ஆரம்பித்தாள். ரமீஜாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் திட்டு எந்த பாஷையில் இருந்தாலும் திட்டுதான். குழந்தையை அதட்டுவது போல அதட்டினாள். கிழவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. நடுவில் ஒரே ஒரு தடவை தமிழில் சொன்னார்: "எண்ண போடலன்னா எல்லாம் துருப்புடிச்சிடும். இந்தக் காத்துல."

"அது துப்பாக்கி இல்ல" என்றாள் ரமீஜா. "நீங்க வாய் வெக்கிற சாமான். உள்ள ஊத்துன எண்ணைதான் எரிஞ்சி ஒங்க நெஞ்சுக்குப் போவுது. ஒங்களுக்கு நீங்களே வெஷம் வெச்சிகிட்டு ரெண்டு பொம்பளைங்களத் திருடியாக்குனீங்க."

அவள் போயிருக்கலாம், காட்ட வேண்டியதைக் காட்டியாயிற்று. ஆனால் நின்றாள். மகள் திட்டி முடிக்கிற வரை கதவில் சாய்ந்து நின்று முழுசாகப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாகவும் இல்லை, வெட்கமாகவும் இல்லை. நன்றாக இருந்தது.

முடிந்ததும் கலைமகள், "அக்கா, நான் உங்கள நம்பியிருக்கணும். நீங்க திரும்ப வேலைக்கு வாங்களேன்" என்றாள்.

"விரிசலு நான் வுட்டதுதான்" என்றாள் ரமீஜா. "சோப்புத் தண்ணியில கழுவினேன், வெயில்ல வெச்சேன், காப்பித்தூள் தடவுனேன். அன்னிக்கிப் பொய் சொன்னேன். என்னைப் பத்தி இவரு கையில வெச்சிருந்த ஒரே உண்மை அதுதான். அதுவும் இனிமே இவருகிட்ட வேணாம்." கிழவரைப் பார்த்துச் சொன்னாளே தவிர, போனைப் பார்க்கவில்லை. "வேலைக்கு வரமாட்டேன். ஏஜென்சிக்குப் போன் போட்டு ரெண்டு பேரும் திருடி இல்லன்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. நான் கேக்கணும்."

கலைமகள் இன்னொரு போனில் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து கேட்டாள். பிறகு எண்ணெய் டப்பாவை எடுத்து அன்னக்கிளி கையில் கொடுத்து, பெட்டியை எந்தக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"வெளிய போ" என்றார் கிழவர், அவள் வாசலைத் தாண்டின பிறகு.

அன்னக்கிளி அந்த வீட்டிலேயே இருந்தாள். பெட்டியைத் துடைத்து வந்த பிறகு புகை நின்றது, இருமலும் முன்னைப்போல இல்லை. ஆனால் கிழவருக்கு மத்தியானத்தில் கை சும்மா இருக்கவில்லை. அறைக்குள்ளேயே அங்கும் இங்கும் எதையாவது தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அன்னக்கிளி டப்பாவைத் திருப்பிக் கொடுத்து, ஜன்னல் கீல்களைக் காட்டினாளாம். இப்போது அந்த வீட்டில் ஒரு கதவும் கிறீச்சிடுவதில்லை என்று மார்க்கெட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரமீஜா சிரிக்கவில்லை. "பெட்டி பக்கம் போவாம பாத்துக்க" என்றாள்.

ஏஜென்சி அவளை உழவர்கரையில் ஒரு வீட்டுக்கு அனுப்பியது. பக்கவாதத்தில் விழுந்த ஒரு அம்மா, பேச்சு வராது. பேச்சு வராத ஆளோடு ரமீஜாவுக்கு நன்றாகவே ஒத்துப்போனது.

ஜூலை பதினாலாம் தேதி காலையில் அவள் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தாள். முட்டி வலிக்கு நடக்கச் சொல்லியிருந்தார்கள். போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் பிரெஞ்சு தேசிய நாள் கூட்டம். பழைய சொல்தாக்கள் கோட்டுப் போட்டு, மெடல் குத்தி, வரிசையாக நின்றார்கள். நிற்க முடியாதவர்கள் நாற்காலியில். ஒரு சக்கர நாற்காலியில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார், பின்னால் அன்னக்கிளி. அவர் நெஞ்சு நேராக நிமிர்ந்திருந்தது. பார்க்க முன்னைவிடத் தெம்பாகத்தான் இருந்தார்.

ரமீஜா கடந்துபோகும்போது அவர் பார்த்துவிட்டார். கண்ணை எடுக்கவில்லை. அன்னக்கிளி பக்கம் தலையைச் சாய்த்து, இவளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அந்தப் பொம்பள கழுவுனதுலதான் பெட்டியே போச்சு."

பக்கத்தில் இருந்த ரெண்டு கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரமீஜா நின்றாள்.

"ஆமா, கழுவுனேன்" என்றாள். "உள்ள எண்ணய ஊத்தி, அந்தப் பொகையக் குடிச்சி இருமுனது யாருன்னு அவங்களுக்கும் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கொடி ஏறியது. சொல்தாக்கள் எல்லாரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்கள், அவரும் கொண்டுபோக வேண்டியிருந்தது. சல்யூட் வைத்த கைக்குக் கீழிருந்து அவளை முறைத்துக்கொண்டே இருந்தார். அவள் அவர் முறைத்து முடிக்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை. உழவர்கரை அம்மாவுக்குக் காலைக் கஞ்சி கொடுக்க நேரமாகிவிட்டது. பஸ் பிடிக்கப் போனாள்.